காலிமுகத்திடலின் புல்: ஒரு வரலாற்று நோக்கு

காலிமுகத்திடலில் ஒரு நினைவுக்கல் உண்டு. மாலை வேளையிற் காற்று வாங்க வருவோரும், பட்டம் ஏற்ற வருவோரும், இறால் வடை உண்ண வருவோரும் அதனைக் கடந்தே செல்கின்றனர். நின்று வாசிப்போர் மிகச் சிலர். காலிமுக நடைபாதை 1856ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அவர்களால் தொடங்கப்பெற்று 1859இல் நிறைவெய்தியது என்பதும், கொழும்பு மாதரதும் சிறாரதும் நலன் கருதி அவருக்குப் பின்வருவோர் அதனைப் பேணவேண்டும் என்பதும் அக்கல் கூறும் செய்தியின் சாரமாகும்.

இக்கல்லை ஆதாரமாகக் கொண்டே, காலிமுகத்திடலை உண்டாக்கியவர் வார்ட் எனப் பலரும் சொல்லியும் எழுதியும் வருகின்றனர். கல்லோ அவ்வாறு கூறவில்லை. அது நடைபாதையைப் பற்றியே பேசுகிறது. புல்லைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. பாதை போடப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே அங்கு வெளி இருந்தது. வெளி இருந்தபடியாற் புல்லும் இருந்தது. அப்புல்லைத் தெரிந்தெடுத்தவர் யார்? அது யாருடைய கால்களுக்காகப் பேணப்பட்டது? புல்லை ஒரு வரலாற்றுப் பொருளாகக் கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரக்கூடும். ஆயினும் மன்னரையும் தேசாதிபதிகளையும் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவர்தம் காலடியிற் கிடந்தவற்றைப் பற்றி எழுதப்படவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

1656ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினர். தமது கோட்டையின் தென்புறத்தே பரந்த நிலமொன்றை அவர்கள் வெளியாக வைத்திருந்தனர். அழகுணர்ச்சி அதற்குக் காரணமன்று. மதிலின் மேலிருந்து பீரங்கி சுடும்போது குண்டு செல்லும் வழியில் மரமோ வீடோ நிற்றலாகாது. வரும் எதிரி மறைந்துகொள்ள ஒரு பற்றையும் இருத்தலாகாது. ஐரோப்பியர் கட்டிய கோட்டைகளின் முன்னெல்லாம் இத்தகைய வெளிகளைக் காணலாம். கல்கத்தாவின் மைதானம் அவ்வகையினது. நமக்கு மிக நெருங்கிய சான்று யாழ்ப்பாணக் கோட்டையின் முன்னுள்ள முற்றவெளி. இன்று பொதுக்கூட்டங்களும் விளையாட்டுக்களும் நிகழும் அவ்விடமும் காலிமுகத்திடலும் பீரங்கியின் பார்வைக்காகத் துப்புரவாக்கப்பட்ட நிலங்களே. நகரின் நடுவே பொதுமக்கள் கூடத்தக்க வெளியொன்றை நமக்கு விட்டுச்சென்றது எவருடைய பெருந்தன்மையுமன்று, போர்த்தொழிலே என்பது சிந்திக்கற்பாலது.

மரத்தை வெட்டிப் பற்றையை அழித்துவிட்டால் அந்நிலத்தில் எது தங்கும் என்பதை மனிதர் தீர்மானிப்பதில்லை. காலிமுகம் மேற்கு நோக்கிக் கிடப்பது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையின் உப்பை அள்ளி நிலத்தின்மீது தூற்றுகிறது. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றதாயினும், சனவரி முதல் மார்ச்சு நடுப்பகுதி வரை நிலம் காய்ந்து கிடக்கும். நிழல் இல்லை. மாடு மேயும், மனிதரும் விலங்கும் மிதிப்பர். உப்பு, வெயில், வறட்சி, மிதி என்னும் இந்நான்கையும் தாங்கத்தக்க செடி மிகச் சிலவே. கடலையடுத்த மணலில் அடம்பன் கொடியும், சிங்களவரும் தமிழரும் ஒருங்கே இராவணனின் முகமயிரை நினைத்துப் பெயரிட்ட இராவணன் மீசையும் பொதுவாகப் படர்வன. ஆனால் இவை மிதியைத் தாங்கா. மிதிபடும் தரையில் நிலைக்க வல்லவை அறுகும், இன்று மணிலாப் புல் எனப்படும் சோய்சியா மட்ரெல்லாவும் ஆகிய இரண்டுமே எனலாம்.

இவற்றின் ஆற்றல் எதில் உள்ளது? பெரும்பாலான செடிகள் நுனியில் வளர்வன. நுனியைக் கிள்ளினால் அவற்றின் வளர்ச்சி தடைப்படும். புல்லின் வளர்நிலையமோ அடியில், தரையை ஒட்டி அமைந்திருக்கிறது. மேய்ந்தாலும் வெட்டினாலும் இலை அடியிலிருந்து மீள நீளும். புற்றரை என்ற ஒன்றை மனிதர் ஆக்க முடிந்ததே இந்த ஓர் உடலமைப்பினாலேதான். அறுகுக்கு இன்னுமொரு சிறப்புண்டு. அது தரைமேல் ஓடும் தண்டும் தரைக்கீழ் ஓடும் தண்டும் ஆகிய இரண்டும் உடையது. மேலேயுள்ளது தேய்ந்து மறைந்தாலும் கீழேயுள்ளது கணுவுக்குக் கணு வேர்விட்டு மழை கண்டதும் எழும். திருமணத்தில் மணமக்களை ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ்க என வாழ்த்திய நம் முன்னோர் தாவரவியல் படித்தவரல்லர். ஆனால் அறுகைப் பிடுங்கிப் பார்த்தவர்கள்.

ஒல்லாந்தர் காலத்திலேயே கொழும்பின் செடிகொடிகளை ஒருவர் நாடிச் சேர்த்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672ஆம் ஆண்டில் இங்கு வந்த பவுல் ஹேர்மன் என்பவர் உலர்த்திச் சேர்த்த தாவரங்கள் பிற்காலத்தில் லின்னேயசின் கைக்கு எட்டின. அவற்றை அடிப்படையாகக் கொண்டே 1747இல் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மணிலாப் புல்லின் கதையும் சுவையானது. லின்னேயசின் மாணவரும் தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணிபுரிந்தவருமான கோனிக் என்பவர் தென்னிந்தியாவிற் சேகரித்த மாதிரியைக் கொண்டு 1771இல் லின்னேயஸ் இப்புல்லை முதன்முதலாக விவரித்தார். பின்னர் ஐரோப்பியத் தாவரவியலாளர் சோய்ஸ் என்பவரின் பெயர் அதன் இனத்துக்கு இடப்பட்டது. 1911இல் அமெரிக்கர் அதனை மணிலாவிலிருந்து தம் நாட்டிற்குக் கொண்டுசென்று மணிலாப் புல் எனப் பெயரிட்டனர். இன்று கொழும்பு நாற்றுமேடைகளில் அந்நியப் பெயருடன் விலைக்கு விற்கப்படும் இப்புல் நமது கடற்கரை மணலில் இயல்பாகவே வளர்வது. வீட்டிலிருந்ததை வெளியூர் போய் விலைகொடுத்து வாங்கிவரும் வழக்கம் நமக்குப் புல்லில் மட்டும் உள்ளதன்று.

1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றினர். அவர்களோடு புற்றரை என்னும் எண்ணமும் வந்தது. புல் இங்கு முன்னரே இருந்தது, புற்றரை இருக்கவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தை நோக்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில நிலப்பிரபுக்கள் தமது மாளிகையின் முன்னே பரந்த நிலத்தைப் பயிரிடாது புல்லாக விட்டனர். விளையக்கூடிய நிலத்தை விளைவிக்காமல் வைத்திருத்தல் செல்வத்தின் அறிகுறியாயிற்று. ஆடுகளை மேயவிட்டும் ஆட்களை அரிவாள் பிடிக்கச் செய்தும் அதனைக் குறுகலாக வைத்திருந்தனர். 1830ஆம் ஆண்டில் எட்வின் படிங் என்பவர், நெசவாலையிற் கம்பளித் துணியின் மயிரைக் கத்தரிக்கும் பொறியைப் பார்த்துப் புல்வெட்டும் பொறியை அமைத்தார். அதன்பின் சிறு வீட்டுக்காரரும் புற்றரை வைத்தல் இயல்வதாயிற்று. 1899இல் அமெரிக்க அறிஞர் தோஸ்டைன் வெப்லன் ஓய்வுடைய வர்க்கத்தைப் பற்றி எழுதிய நூலில் இப்புற்றரைகளையும் ஆராய்ந்திருக்கிறார். பசு மேயவேண்டிய இடத்தில் பசுவை விலக்கிவைப்பதே அதன் மதிப்பு என்பது அவர் காட்டும் முரண்.

ஆங்கிலேயர் எண்ணத்தைக் கொண்டுவந்தனர்; புல்லைக் கொண்டுவர முடியவில்லை. அவர்தம் நாட்டுப் புற்றரைகள் ரைப் புல், பெஸ்கியூ, பென்ற் முதலிய குளிர்நாட்டுப் புற்களால் ஆனவை. விம்பிள்டன் ஆடுகளத்தில் 2001 முதல் முற்றாக ரைப் புல்லே இடப்பட்டு, 8 மில்லிமீற்றர் உயரத்தில் வெட்டப்படுகிறது. இப்புற்கள் ஏறத்தாழ 15 முதல் 24 பாகை வரையான வெப்பநிலையிற் செழிப்பவை; 27 பாகைக்கு மேற்பட்ட கொழும்பின் சராசரி வெப்பத்தில் அவை மூச்சுத் திணறும். இதன் உட்காரணம் பிற்காலத்திலேயே தெளிவாயிற்று. ஹற்ச், சிலாக் என்னும் இரு ஆய்வாளர் ஒஸ்திரேலியாவிற் கரும்பை ஆராய்ந்து, வெப்பநாட்டுப் புற்கள் காற்றிலுள்ள கரியைப் பற்றும் வழியே வேறு என 1966இல் நிறுவினர். கடும் வெயிலில், குறைந்த நீருடன், மிகுதியாக உணவாக்கும் வழி அது. அறுகும் மணிலாப் புல்லும் அவ்வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் மென்மையான பசுமையைக் கொழும்பிற் காண விரும்பிய துரைமார் உள்ளூர்ப் புல்லை ஆங்கிலப் பாணியில் வெட்டுவதோடு அமைதிகொள்ள நேர்ந்தது. ஏகாதிபத்தியத்தின் ஆணை செல்லாத இடங்கள் சிலவற்றுள் இதுவும் ஒன்று.

பீரங்கி வெளியை ஆங்கிலேயர் முதலில் குதிரைகளுக்கு ஆக்கினர். தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், அதாவது 1820களில், காலிமுகத்திற் குதிரைப் பந்தயம் நடைபெற்றது. குதிரையின் குளம்பு தாங்கும் தரை எளிதில் அமைவதன்று. மென்மையாயிருத்தல் வேண்டும், ஆனாற் பெயர்தலாகாது. அறுகின் பின்னிய தண்டுகள் மண்ணைப் பாய்போற் கட்டிவைப்பன. இவ்விடத்து ஒரு விந்தையையும் குறிப்பிடவேண்டும். குதிரைக்குப் புல் செதுக்கி வருவதற்கென்றே தனியாள் ஒருவனை வைத்துக்கொள்வது தென்னாசியாவில் ஆங்கிலேயர் வழக்கமாயிருந்தது. அப்புல்லுக்காரன் தேடிச் செதுக்கிய புற்களுட் சிறந்ததாக மதிக்கப்பட்டது அறுகு. குதிரையின் வாயிலும் அறுகு. காலின் கீழும் அறுகு. குதிரையின் பெயரும் அதன் உரிமையாளர் பெயரும் பந்தயப் பதிவில் இடம்பெற்றன. புல்லுக்காரனின் பெயரோ எங்கும் இல்லை. இலங்கையிற் குதிரைக்காரராயும் புல்லுக்காரராயும் உழைத்தோருட் பலர் தமிழ்த் தொழிலாளர் என்பதை நாம் மறத்தலாகாது.

1893இல் பந்தயம் கறுவாத்தோட்டத்திற்கு மாறியது. நமது பல்கலைக்கழகத்தின் அண்டையிலுள்ள பழைய பந்தயத் திடல் அதுவே. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அப்புல்லின் மேலிருந்தே போர் விமானங்கள் எழுந்தன. விரிவுரைக்குப் பிந்தி அவ்வழியே ஓடும் மாணவருக்கு இதனை நினைக்க நேரமிருப்பதில்லை.

குதிரையோடு துடுப்பாட்டமும் கோல்பும் காலிமுகத்தில் இடம்பிடித்தன. சென் தோமஸ் கல்லூரிக்கும் அந்நாளிற் கொழும்பு அக்கடமி எனப்பட்ட றோயல் கல்லூரிக்குமிடையே 1879இல் தொடங்கிய துடுப்பாட்டத்தின் முதலாட்டம் காலிமுகப் புல்லிலே, இன்று தாஜ் சமுத்திரா விடுதி நிற்கும் இடத்திலே ஆடப்பட்டது. அக்காலத்தில் சென் தோமஸ் கல்லூரி கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில் இருந்தது. வீரர்கள் பேரை வாவியைப் படகில் கடந்து வந்தனர் எனக் கூறுவர். அதே 1879இல் கொழும்புக் கோல்ப் கழகமும் காலிமுகத்திலே தொடங்கப்பெற்றது. 1896இல் அது பொரளைப் பக்கமுள்ள றிட்ஜ்வே திடலுக்குப் பெயர்ந்தது. கோல்பு விளையாட்டுக்குத் துளையைச் சுற்றியுள்ள தரை மயிர் மழித்தாற்போல் இருத்தல் வேண்டும், நடமாட்டம் இருத்தலாகாது. மக்கள் உலாவும் இடத்தில் அது கைகூடுமா? விளையாட்டு வெளியேறியது, உலாவுவோர் தங்கினர். காலிமுகத்தின் வரலாற்றில் எனக்கு நிறைவளிக்கும் செய்தி இது.

மீண்டும் வார்ட் அவர்களின் கல்லுக்கு வருவோம். கொழும்பு மாதரும் சிறாரும் என அது கூறும்போது எந்த மாதரை, எந்தச் சிறாரை எண்ணியது? மாலையிற் குதிரை வண்டியிற் கடற்காற்று வாங்க வரக்கூடிய குடும்பங்களையே அது முதற்கண் எண்ணியிருக்கும் எனக் கொள்ளுதல் தவறாகாது. 1871இல் பந்தயம் பார்க்கும் கட்டடத்தில் அமைந்த கொழும்புக் கழகம் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியது. ஆயினும் கல்லில் வெட்டிய சொற்கள், வெட்டியவரின் எண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை. கொழும்பு மாதர் என எழுதியபின் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மருதானையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பிள்ளையை இடுப்பில் ஏந்திவரும் பெண் அச்சொல்லுக்குள் அடங்கமாட்டாள் என எவராற் கூறவியலும்?

இனி நம்மவர் பக்கம் நோக்குவோம். தமிழர் வாழ்க்கையில் அறுகுக்கு உயரிய இடமுண்டு. பிள்ளையாருக்கு அது சாத்தப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் மங்கலச் சடங்குகளில் பாலறுகு வைத்தபின்னரே நீராட்டுவர். ஆனால் வீட்டு முற்றத்தில் அறுகு முளைத்தலை அதே யாழ்ப்பாணத்தார் பொறுப்பதில்லை. முற்றம் என்பது நாள்தோறும் கூட்டித் தூய்மையாக வைத்திருக்கும் மண்தரை. விடியற்காலையில் ஈர்க்குமாற்றின் வரிகள் தெரியாத முற்றம் சோம்பலின் அடையாளம். புல் முளைத்த முற்றம் ஆளற்ற வீட்டின் அடையாளம். போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டுகளின் பின் வீடு திரும்பியோர் முதலிற் கண்டு கலங்கியதும் அதுவே. ஆங்கிலேயனுக்குப் புல் செல்வத்தைக் காட்டியது. நமக்கு அது இல்லாமையைக் காட்டியது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசாங்க உத்தியோகத்தராய்க் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிற் குடியேறிய யாழ்ப்பாணத்தார் இவ்விரு நோக்குகளுக்குமிடையே அகப்பட்டனர். பங்களாவின் முன்புறத்திற் புற்றரை. பின்புறத்திற் கூட்டிய முற்றம். முன்புறம் அலுவலகத்து மேலதிகாரி காண்பதற்கு; பின்புறம் ஊரிலிருந்து வந்த தாயார் வாழ்வதற்கு. நடுத்தர வர்க்கத்தின் இரட்டை வாழ்வை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் படம் வேறில்லை. இன்று அப்பங்களாக்களிற் பெரும்பாலானவை அடுக்குமாடிகளாகிவிட்டன. எஞ்சிய துண்டு நிலங்களில் அயல்மாடிகளின் நிழல் விழுகிறது. அறுகு எதையும் தாங்கும், நிழலை மட்டும் தாங்காது. ஆகவே நிழலிலும் வளரும் அகன்ற இலையுடைய மலேசியன் புல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்க வெப்பநாடுகளைத் தாயகமாகக் கொண்ட அப்புல்லுக்கு மலேசியன் என்ற பெயர் எவ்வாறு பொருந்தும் என நாற்றுமேடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. முற்றமும் புற்றரையும் இழந்த வெள்ளவத்தை மக்கள் புல்லில் அமர விரும்பினாற் காலிமுகத்திற்கே செல்லவேண்டியவராயினர். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வாழ்ந்தோருக்கு முன்பும் அவ்வாறே.

அப்புல்லில் தமிழர் அமர்ந்த ஒரு நாள் வரலாற்றில் இடம்பெற்றது. 1956ஆம் ஆண்டு யூன் 5ஆம் திகதி சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்டது. 1930இல் திறக்கப்பெற்ற அக்காலப் பாராளுமன்றக் கட்டடம் திடலின் வடக்கெல்லையில் நிற்கிறது. தமிழரசுக் கட்சியினர் சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் ஏறத்தாழ இருநூறு பேராகத் திடலில் அமர்ந்து அறப்போர் நடத்தினர். கூட்டமாகத் திரண்டோர் அவர்களைத் தாக்கினர். சிலர் பேரை வாவியில் எறியப்பட்டனர். தலையிற் காயமுற்ற அ. அமிர்தலிங்கம் கட்டுப் போட்ட தலையோடு பாராளுமன்றத்துள் நுழைந்தார். அமர்தல் என்ற ஒரே செயலைத்தான் அவர்கள் செய்தனர். உலாவலாம், பட்டம் விடலாம், பந்து அடிக்கலாம். ஒரு கோரிக்கையோடு அமரலாகாது என்பது அன்று அவர்களுக்குப் புகட்டப்பட்ட பாடம். மாதருக்கும் சிறாருக்கும் எனக் கல்லில் வெட்டிய திடலின் மறுபக்கம் இது. பீரங்கிக்கு முன்னே வெளி எதற்காக வைக்கப்பட்டதென நாம் முற்கூறியதை இவ்விடத்து நினைவுகூரலாம். ஒளிந்துகொள்ள அங்கு ஒரு பற்றையும் இல்லை.

அறுபத்தாறு ஆண்டுகளின் பின்னர், பொருளாதாரம் சரிந்து எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் இரவு பகலாய் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில், ஏப்ரில் 9ஆம் திகதி தொடக்கம் மக்கள் அதே புல்லிற் கூடாரமடித்தனர். நூல்நிலையமும் சமையற்கூடமும் எழுந்தன. மே 9ஆம் திகதி அவர்களும் தாக்கப்பட்டனர். ஆயினும் எழுந்து போகவில்லை. மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டனர். உப்பிட்ட கஞ்சி இனவேறுபாடின்றிப் பகிரப்பட்டது. 1956இல் தமிழர் விரட்டப்பட்ட தரையில் 2022இல் தமிழரின் துயர் நினைவுகூரப்பட்டமையை மாற்றத்தின் சான்றாகக் கொள்வோரும் உளர். அவ்வளவிற்கு நான் துணியேன். கஞ்சி வாங்கிக் குடித்த அனைவரும் அதன் பொருளை ஏற்றனர் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் அன்று அமர்ந்தவர்கள் அமர்ந்தே இருந்தனர் என்பது சிறு செய்தியன்று. யூலை 14ஆம் திகதி சனாதிபதி பதவி விலகினார். யூலை 22ஆம் திகதி அதிகாலையிற் படையினர் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கினர்.

அதன்பின்னர் எழுந்த பேச்சுக்களுள் ஒன்று புல்லைப் பற்றியது. போராட்டத்தினால் திடலின் புல் சேதமுற்றது என்றனர். அதில் உண்மை இல்லாமலில்லை. கூடாரத்தின் கீழ் ஒளிபுகாமையாற் புல் வெளுத்து மடியும். இடைவிடாத மிதியினால் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு வேருக்குக் காற்றும் நீரும் செல்லமாட்டா. ஆயினும் நாட்டின் வரலாற்றில் ஒரு திருப்பம் நிகழ்ந்த நிலத்தைப் பார்த்து, அங்கே புல் கெட்டுவிட்டதே என வருந்துதல் பழைய பழக்கமொன்றின் தொடர்ச்சி. புல்லைப் பேணல் என்ற பெயரில், யார் மிதிக்கலாம், யார் மிதிக்கலாகாது என்பதைத் தீர்மானித்தல் அது. குதிரையின் குளம்பு பெயர்த்த புல்லைப் பற்றியோ, விழாக்களின் மேடைகளும் அணிவகுப்புக்களின் கனரக ஊர்திகளும் நசுக்கிய புல்லைப் பற்றியோ இத்துணை கவலை எழவில்லை.

ஆகவே காலிமுகத்திற்கு எந்தப் புல் தகும் என்னும் வினாவைத் தோட்டக்காரருக்கு மட்டும் விட்டுவிடுதல் இயலாது. பார்ப்பதற்கென வைக்கும் புல் ஒன்று. அமர்வதற்கென வைக்கும் புல் வேறொன்று. விரைவிற் பசுமை காட்டவேண்டுமாயின் மலேசியன் புல்லைப் பத்தை பத்தையாய் வெட்டிப் பதிக்கலாம். சில கிழமைகளிற் படம்பிடிக்கத்தக்கதாய் இருக்கும். ஆனால் அதன் வேர் ஆழமற்றது. உப்புக்காற்றில் இலை கருகும். முதல் வறட்சியோடு மண் தெரியும். மணிலாப் புல் உப்பை மிக நன்றாய்த் தாங்குவது, மெத்தென்றிருப்பது. ஆனாற் படர்வதில் மந்தம், ஒருமுறை தேய்ந்தால் மீள நெடுநாள் எடுக்கும். அறுகு அழகிற் சற்றுக் குறைந்தது, கோடையிற் பழுப்பேறுவது. எனினும் மிதியிலிருந்து மீள்வதில் அதற்கு நிகரில்லை. கடலை அடுத்த ஒடுங்கிய பகுதிக்கு மணிலாப் புல்லும், மக்கள் திரளும் நடுப்பகுதிக்கும் வீதிப்பக்கத்திற்கும் அறுகும் என்பதே என் தெரிவு. ஈரிரு நூற்றாண்டுகளாக அந்நிலம் தானே செய்த தெரிவுக்கு இது முரணாகாது என எண்ணுகிறேன்.

நடும் காலமும் முக்கியமானது. மே மாத மழை பெரிதாயினும் அத்துடன் உப்புக்காற்றும் வரும்; இளந்தளிருக்கு அது பகை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையே ஏற்றது. நடுவதற்கு முன் இறுகிய மண்ணை முட்கரண்டியாற் குத்தித் துளையிட்டு, மணலும் மக்கிய உரமும் கலந்து பரப்புதல் வேண்டும். பெருந்தொகையான கால்கள் மிதித்த நிலத்தில் இதைச் செய்யாமல் எந்தப் புல்லை நட்டாலும் வீண். வெட்டும்போது இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. அறுகை இரண்டு மூன்று சென்றிமீற்றர் உயரத்தில் வைத்திருக்கலாம். காற்றுக் கடுமையாய் வீசிய நாட்களின் பின் நன்னீர் தெளித்து இலைமேற் படிந்த உப்பைக் கழுவுதல் நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாகத் திடலுக்கு ஓய்வு வேண்டும். முழுத் திடலையும் மூடிவிடுதல் ஓய்வாகாது. அது பழைய தேசாதிபதிகளின் முறை. ஏறத்தாழ ஐந்து எக்டயர் பரப்புடைய நிலத்தை நான்கு கூறாக்கி, ஒரு காலத்தில் ஒரு கூறை மட்டும் ஆறு கிழமைகளுக்குக் கயிறு கட்டி விலக்கிவைக்கலாம். ஏனைய மூன்றிலும் பட்டம் விடுவோர் பட்டம் விடட்டும். அமர விரும்புவோர், எக்கோரிக்கையோடு வந்தாலும், அமரட்டும். கயிற்றின் அருகே புல்லை மிதிக்காதீர் என்ற பலகை தேவையில்லை. எந்தத் திகதியிற் கயிறு அவிழ்க்கப்படும் என்பதை மும்மொழியிலும் எழுதிவைத்தாற் போதும்.